குடாநாட்டின் காற்று: இன்றும் இனியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டார் காற்றை வெறுங் காற்றென்று சொல்லி விட்டுவிடுவதில்லை. தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து எழுவது சோளகம். வடபுறத்திலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். வலையெடுத்துக் கடலுக்குச் செல்பவனுக்கும், தோட்டத்திற் கன்று நடுபவனுக்கும், உப்பளத்தில் நீர் பாய்ச்சிக் காத்திருப்பவனுக்கும் இப்பெயர்கள் நாட்காட்டியின் தாள்களைப் போன்றவை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பட்டமேற்றும் சிறுவனுக்கும் எந்தக் காற்று எப்போது வருமென்று தெரியும். மணற்காட்டிற் குன்றுகுன்றாக மணலைக் குவித்து, பழைய அந்தோனியார் தேவாலயத்தையே புதையச் செய்ததும் இக்காற்றுத்தான்.

காற்று ஒரு செல்வமென்பதும் இவர்கள் புதிதாக அறிந்த செய்தியன்று. சோளகத்தில் வங்கக் கடலைக் கடந்து பர்மா சென்று, வாடையில் ஊர் திரும்பிய பாய்க்கப்பல்கள் வடமராட்சித் துறைகளில் இருந்தன. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னுங் கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்ற புதுப்பெயருடன் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. இக்கப்பல்களுக்கு எண்ணெய்ச் செலவு இல்லை. ஆனால் காற்று ஒரு திங்கள் பிந்தினால் வாணிகமும் ஒரு திங்கள் பிந்தும். காற்றின் வலுவைப் போலவே அதன் காலமும் ஒரு செல்வம் என்ற இந்த உண்மை, மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது பலரால் மறக்கப்படுகிறது.

இன்று காற்றைக் கொண்டு கப்பல் ஓட்டுவாரிலர், விளக்கேற்றுகின்றனர். கண்டி வீதியால் ஆனையிறவைக் கடந்து வடக்கே வருவோர், பளைப் பகுதியிற் பனைகளுக்கு மேலே வெண்ணிறச் சிறகுகள் சுழல்வதைக் காணலாம். 2014ஆம் ஆண்டில் அங்கே இரண்டு காற்றாலைப் பண்ணைகள் இயங்கத் தொடங்கின. அடுத்தடுத்து அமைந்த அவ்விரண்டிலும் கூடிப் பதினாறு பொறிகள் நிற்கின்றன. தெற்கே மன்னார்த் தீவில், மின்சார சபை அமைத்த 'தம்பபவனி' என்னும் பண்ணை 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அங்குள்ள பொறிகள் 30. மொத்த ஆற்றல் 103.5 மெகாவாற்று. ஒரு பொறியின் சிறகுகள் சுழலும் வட்டத்தின் விட்டமே 126 மீற்றர். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் அமைக்கவென 2024 மார்ச்சில் ஒப்பந்தமான திட்டத்தில், 1,700 கிலோவாற்று சூரிய ஒளியும் 530 கிலோவாற்று காற்றும், அவற்றைச் சேமிக்கப் பற்றரிகளும், துணைக்கு டீசல் இயந்திரங்களும் இடம்பெற்றன.

இத்தகைய ஒரு பொறி நாட்டப்பட்டால் அது இருபது, இருபத்தைந்து ஆண்டு அங்கே நிற்கும். அதற்கான கடனும் ஏறத்தாழ அத்துணை காலம் நிற்கும். ஆனால் அவ்விடத்துக் காற்றைப் பொறியியலாளர் நேரில் அளப்பது பெரும்பாலும் ஓராண்டு அல்லது ஈராண்டு. முற்காலத்தில் இது பெருங்குறையாகக் கருதப்படவில்லை. நேற்று வீசிய காற்றே நாளையும் வீசும் என்று கொள்ளப்பட்டது. உலகத்தின் வெப்பம் ஏறிவரும் இந்நாளில் அவ்வெண்ணம் தகுமா என்பதே கேள்வி. சோளகம் வருங்காலத்தில் வலுக்குமா, தளருமா? வழமையான நாளில் வருமா?

இக்கேள்வி ஏன் இத்துணை முக்கியமாகிறது என்பதை உணர, காற்றின் கணக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெரிய வளையத்தினூடாகக் காற்றுச் செல்வதாக நினைத்துக்கொள்வோம். காற்றின் வேகம் இருமடங்கானால், ஒரு வினாடியில் வளையத்தைக் கடக்கும் வளியின் நிறை இருமடங்காகும். அதுமட்டுமன்று; அவ்வளியின் ஒவ்வொரு கிலோவும் சுமந்துவரும் ஆற்றல் நான்கு மடங்காகும். இரண்டையும் பெருக்கினால் எட்டு மடங்கு. வேகத்தை அதனாலேயே மும்முறை பெருக்கிவரும் தொகைக்கேற்பக் காற்றின் வலு அமைகிறது என்று கணிதத்தார் கூறுவர். வினாடிக்கு 7 மீற்றர் வீசிய காற்று 6.3 மீற்றராகக் குறைந்ததென்று வைத்துக்கொண்டால், வேகத்திற் குறைந்தது நூற்றுக்குப் பத்து. வலுவிற் குறைந்ததோ நூற்றுக்கு இருபத்தேழு. முகத்திற் படும்போது எவருக்கும் வேற்றுமை தோன்றாத இக்குறைவு, மின்சாரக் கணக்கிற் பெரும்பள்ளமாகத் தோன்றும்.

இயந்திரம் இக்கணக்கை அப்படியே பின்பற்றுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். வினாடிக்கு மூன்று மீற்றர் அளவிற் காற்று வந்தபின்னரே அது மின்சாரம் தரத் தொடங்கும். பன்னிரண்டு மீற்றரளவில் தன் முழுவலுவை எட்டிவிடும். அதற்குமேல் எத்துணை வீசினாலும் கூடத் தராது. இருபத்தைந்தைத் தாண்டினால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். ஆதலின் ஓராண்டின் மொத்த விளைச்சல் நூற்றுக்கு இருபத்தேழு என்ற அளவுக்குக் குறையாது. ஆயினும் வேகம் குறைந்த வீதத்தினும் மிகுதியாகவே குறையும். வெப்பமேறிய வளி சற்று மெலிந்தும் போகும். மூன்று பாகை ஏறினால் அதன் அடர்த்தி நூற்றில் ஒரு பங்கு குறையும். அது சிறிய இழப்பு. வேகமே பெரிய விடயம்.

இனி, சோளகம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பார்க்கலாம். கோடையில் ஆசியப் பெருநிலம் கடலினும் விரைந்து சூடேற, அங்கே வளியமுக்கம் குறைகிறது. இந்து சமுத்திரத்தின் தென்பாகத்தில் அமுக்கம் மிகுந்திருக்கிறது. மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கி வளி விரைகிறது. பூமியின் சுழற்சியால் திசைதிரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது. 1686ஆம் ஆண்டிலேயே எட்மண்ட் ஹாலி என்னும் ஆங்கில அறிஞர் இதன் அடிப்படையை விளக்கினார். இக்காற்றைத் தெற்கே இலங்கையின் மலைநாடும், வடமேற்கே தென்னிந்திய மலைத்தொடரும் இருபுறமும் தடுக்கின்றன. நடுவேயுள்ள மன்னார்க் குடாவும் பாக்கு நீரிணையும் ஒரு வாய்க்கால் போலாகி, அங்கே காற்று நெருங்கி விரைகிறது. 1986இல் தூத்துக்குடியை அடுத்துத் தமிழ்நாட்டின் முதற் காற்றாலைப் பண்ணை தோன்றியதும், கற்பிட்டியிலிருந்து மன்னார் ஈறாகவும் குடாநாட்டிலும் இலங்கையின் நல்ல காற்றிடங்கள் அமைந்ததும் ஒரே காரணத்தால்தான். தமிழகத்தின் தென்கோடிக்கு நேர்வது குடாநாட்டிற்கும் நேரும் என்று எண்ணுவதற்கு இங்கே ஓரளவு நியாயமுண்டு.

உலகம் சூடேறும்போது நிலம் கடலினும் விரைந்து சூடேறுகிறது. அப்படியாயின் அமுக்க வேறுபாடு மிகுந்து, சோளகமும் வலுக்கவேண்டுமன்றோ என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் இந்து சமுத்திரம் அமைதியாக இருந்துவிடவில்லை. 1951 முதல் 2015 வரை அதன் அயனமண்டலப் பகுதியின் மேற்பரப்பு ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் சூடேறியதாக இந்திய அரசின் அறிவியலாளர் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. கடலும் நிலமும் ஒருங்கே சூடேறினால் இரண்டிற்குமிடையேயுள்ள வேறுபாடு எதிர்பார்த்த அளவு வளர்வதில்லை.

மற்றொன்றும் உண்டு; இது பலருக்கு வியப்பூட்டும். வெப்பம் ஒரு பாகை ஏறினால் வளி தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழளவு கூடும். ஆகவே குறைந்த காற்றே மிகுந்த நீரைச் சுமந்துவர முடியும். காலநிலை பற்றிய பன்னாட்டு அரசுக் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, வருங்காலத்தில் தென்னாசியாவின் பருவமழை மிகும் என்கிறது. அம்மழையைக் கொணரும் பெருங்காற்றோட்டமோ தளரக்கூடும் என்பது பல கணிப்புகளின் முடிவு. மழை மிகுந்தால் காற்றும் மிகும் என்று கருதுவது நம்மவர் வழக்கம். வருங்காலத்தில் அவ்விரண்டும் பிரிந்து நடக்கலாம்.

கடந்தகாலப் பதிவுகள் என்ன சொல்கின்றன? 1980 முதல் 2016 வரையுள்ள மணிவாரித் தரவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இந்தியாவின் காற்றுவளம், சிறப்பாக மேற்கிந்தியாவில், படிப்படியாகக் குறைந்திருக்கலாம் என்றது. இந்து சமுத்திரத்தின் வெப்பமே அதற்குக் காரணம் என்றும் காட்டியது. உலகின் வேறு நாடுகளிலும் 1980ஐ அடுத்த மூன்று பத்தாண்டுகளாக நிலத்தின் மேற் காற்றுத் தளர்ந்தது. 2010ஐ அடுத்து அது மீண்டும் வலுக்கத் தொடங்கியது. ஆகவே முப்பதாண்டுத் தளர்ச்சியைக் கண்டு, இனி எந்நாளும் தளர்ச்சியே என்று முடிவுகட்டுவது பொருந்தாது. கருவியின் கதையும் இதிற் கலந்திருக்கிறது. வானிலை நிலையத்திற் பத்து மீற்றர் உயரக் கம்பத்திற் காற்றுமானி சுழல்கிறது. அதைச் சுற்றி மரம் வளர்ந்து, வீடு எழுந்துவிட்டால், மேலே வீசும் காற்று மாறாமலே கீழே பதிவு குறையும். எண்ணை மட்டும் பார்த்து, எண் பிறந்த இடத்தைப் பாராதவன் ஏமாறுவான்.

வருங்காலம் பற்றிய கணிப்புகளில் ஆறுதலளிப்பனவும் உள. உலகு முழுவதையும் நோக்கிய ஓர் ஆய்வு, காபனீரொட்சைட்டு மிக வளர்ந்தால் வடக்கு நடுக்கோட்டு நாடுகளின் காற்றுவளம் குறையும், அயனமண்டலத்திலும் தென் அரைக்கோளத்திலும் சில இடங்களில் மிகும் என்றது. புனே நகரிலுள்ள இந்திய அயன வளிமண்டலவியல் நிறுவனத்தார் 2022இல் வெளியிட்ட கணிப்பில், வட இந்தியாவிற் காற்றுக் குறையவும் தென்னிந்தியாவிற் கூடவும் வாய்ப்புண்டெனக் கண்டனர்; தமிழ்நாட்டை நல்ல வாய்ப்புள்ள மாநிலங்களுள் ஒன்றாகக் குறித்தனர். மறுபுறத்தில், அரபிக்கடலின் மேற் செல்லும் சோளகப் பெருவோட்டம் வடக்கு நோக்கி விலகும் என்று காட்டிய ஆய்வும் உண்டு. அவ்வாறு விலகுமாயின் தென்முனைக்கு அது நற்செய்தியன்று.

இம்முரண்பாட்டைக் கண்டு, அறிவியலாளர் ஆளுக்கொன்று சொல்கின்றனர் என்று எள்ளுவது எளிது. ஆனால் அவர்களின் கணிப்புப் பொறி உலகத்தை எப்படிப் பார்க்கிறது என்பதை அறிந்தால் எள்ளல் அடங்கிவிடும். பூமியைச் சதுரக் கட்டங்களாக வகுத்து, ஒரு கட்டத்திற்கு ஒரு காற்று என்று கணினி கணக்கிடுகிறது. உலகக் கணிப்புகளில் ஒரு கட்டத்தின் பக்கம் நூறு கிலோமீற்றர் அளவாக இருப்பது வழமை. குடாநாட்டின் பரப்பு ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர். பத்துக் குடாநாடுகள் ஒரு கட்டத்துள் அடங்கும்! கடனீரேரி எது, வலிகாமத்துச் செம்மண் எது, தீவகத்துக் கடல் எது என்பதொன்றும் அக்கணக்குக்குத் தெரியாது. திறந்த கடனீரேரியின் மேல் தடையின்றி வந்து பளையைத் தொடும் காற்றும், தோப்பும் வீடும் கடந்து களைத்துச் சுன்னாகத்தை அடையும் காற்றும் அதற்கு ஒன்றே. எனவே உலகக் கணிப்பைக் கொண்டு பளையின் காற்றாலைக்குத் தீர்ப்புச் சொல்லலாகாது.

ஆண்டுச் சராசரியைப் பற்றிய இந்த வாதத்தினும் குடாநாட்டிற்கு நெருக்கமான வேறொன்று உண்டு. அது காற்றின் காலம். வைகாசி முதற் புரட்டாதியின் முற்பகுதி வரை சோளகம். மார்கழி, தை, மாசியில் அதனினும் மெலிந்த வாடை. நடுவே இரண்டு இடைவெளிகள். பங்குனி, சித்திரையிற் காற்று அடங்கும். ஆனால் வெயில் தகிக்கும். சூரியத் தகடுகள் அக்குறையை நிரப்பிவிடும். ஐப்பசியோ அவ்வாறன்று. சோளகம் போய்விடும், வாடை வந்திராது, முகில் மூடிக்கொள்ளும். காற்றுமின்றி ஒளியும் குன்றிய நாட்கள் அடுத்தடுத்து வரும். ஆண்டு மொத்தத்திற் காற்று ஒருசிறிதும் குறையாமல், இந்த ஐப்பசி இடைவெளி பத்து நாள் நீண்டுவிட்டாற் போதும். சராசரியைப் பார்த்துத் திட்டமிட்டவர் திகைப்பர்.

பெருந்தேசிய மின்வலையோடு இணைந்த பளைக்கு இது பெருந்துன்பமன்று. அங்கே குறைந்ததை மலைநாட்டு நீர் மின்சாரமோ வேறு நிலையமோ ஈடுசெய்யும். தனித்து நிற்கும் நெடுந்தீவிற்கோ அது வாழ்வுப் பிரச்சினை. தீவகத்தின் டீசல் படகேறி வருவது. சோளகம் மிகுந்த நாட்களிற் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு செல்லும் பயணமே இடர்ப்படும். அந்நாட்களிற் காற்றாலை வேண்டியமட்டும் மின்சாரம் தரும் என்பது இயற்கை செய்துவைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் அதே தீவிற்கு ஐப்பசியிற் பற்றரி எத்தனை மணிநேரம் தாங்கும் என்பதே உண்மையான கேள்வி. மூன்று தீவுகளுக்குமாகத் திட்டத்திற் குறிக்கப்பட்ட பற்றரிச் சேமிப்பு 2,400 கிலோவாற்று மணி. இரவைக் கடக்க உதவும் ஏற்பாடு அது. நாட்கணக்கான அமைதியைக் கடக்க அன்று. டீசலை முற்றாக ஒழித்துவிடலாம் என்று மேடையிற் பேசுவோர் இவ்வெண்ணை ஒருமுறை நோக்குவது நன்று.

இதற்கு நேர்மாறான இடரும் உண்டு. 1964 டிசம்பரிற் பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த பெரும்புயல் வடஇலங்கையையும் தாக்கியது. 2020 டிசம்பரில், மன்னார்ப் பண்ணை திறக்கப்படுவதற்குச் சில நாட்கள் முன்னதாகப் புரெவிப் புயல் கிழக்குக் கரையில் நுழைந்து குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியது. சூடேறிய கடலிற் புயல்களின் தொகை மிகாவிடினும், எழுவனவற்றுள் வலிமிக்கவற்றின் பங்கு கூடும் என்பது அறிவியலாளரிடையே பெரிதும் ஒத்த கருத்து. பொறியை நிறுத்திவிட்டாலும் கம்பமும் சிறகும் அடியைத் தாங்கியே ஆகவேண்டும். வாடைக்கு அளவெடுத்துக் கட்டிய பொறி புயலுக்கு உதவாது.

இப்படியெல்லாம் ஐயமிருக்கையிற் காற்றாலையே வேண்டாமென்று சொல்லிவிடலாமா? அது தவறான முடிவு. டீசலின் விலைக்கும் ஐயமுண்டு. மழையை நம்பிய நீர்த்தேக்கத்திற்கும் ஐயமுண்டு. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாடு முழுவதும் வரிசையில் நின்றதை எவரும் மறந்திரார். 2021இல் ஐரோப்பாவின் வடகடலோர நாடுகளிற் காற்று வழமையிலும் மிகத் தளர்ந்து, காற்றாலைகளை நம்பியிருந்தோர் திண்டாடினர். அதனால் அந்நாடுகள் காற்றாலையைக் கைவிடவில்லை. குறைந்த ஆண்டைக் கணக்கிற் சேர்த்துக்கொண்டன. 2030இல் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கைப் புதுப்பிக்கத்தக்க வழிகளாற் பெறுவதென்பது இலங்கை தனக்கு வகுத்துக்கொண்ட இலக்கு. அவ்விலக்கிற் காற்றுக்குப் பெரும்பங்குண்டு.

கடன் கொடுக்கும் வங்கிகள் ஒரு கணக்குக் கேட்பதுண்டு: பத்தாண்டில் ஒன்பதாண்டு எவ்வளவு மின்சாரம் தவறாமற் கிடைக்கும்? சராசரி ஆண்டைக் காட்டாது மெலிந்த ஆண்டைக் காட்டச்சொல்லும் நல்ல வழக்கம் இது. ஆனால் அக்கணக்குக் கடந்தகாலக் காற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. கடந்தகாலத்திலே காணாத மெலிவு அதில் இடம்பெறுவதில்லை. ஆகவே மெலிந்த ஆண்டினும் சற்று மெலிந்த ஓர் ஆண்டையும், நீண்ட ஓர் ஐப்பசியையும் கற்பித்துக்கொண்டு, அப்போதும் கடனும் விளக்கும் அணையாது நிற்குமா என்று பார்த்துக்கொள்வது அறிவுடைமை. மொத்த விளைச்சலில் ஒரு சிறு பங்கை இல்லையென்றே வைத்துத் திட்டமிட்டால், காற்று மிகுந்தால் ஊதியம், குறைந்தால் நட்டமில்லை.

அளவைதான் இதற்கெல்லாம் அடிப்படை. பொறியின் அச்சு நிற்கும் உயரத்திலேயே, பத்து நிமிடத்திற்கொருமுறை, காற்றின் வேகமும் திசையும் வெப்பமும் அமுக்கமும் பதியப்படவேண்டும். பொறி நாட்டியதும் அளவைக் கம்பத்தைப் பிடுங்கி எறிந்துவிடாமல், அது அவ்விடத்திலேயே பல பத்தாண்டு நிற்கவேண்டும். பதிவுகள் நிறுவனத்தின் பெட்டகத்துள் முடங்காமல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மாணவரும் எடுத்துப் பார்க்கத்தக்கனவாக இருக்கவேண்டும். மன்னாரிலும், கடனீரேரிக்கு அக்கரையிலுள்ள பூநகரியிலும் 484 மெகாவாற்று அளவிற் காற்றாலை அமைக்க முன்வந்த இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் அத்திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அந்த விலகல் நன்றோ தீதோ, அதனாற் கிடைத்த கால இடைவெளி வீணாகவேண்டியதில்லை. ஒரு பெரும்பொறியின் விலையிற் சிறுபங்கே ஆகும் அளவைக் கம்பம் ஒன்று பூநகரிக் கரையிலும், மற்றொன்று நெடுந்தீவின் மேற்குக் கரையிலும் நிற்குமாயின், அடுத்து வரும் ஒவ்வொரு சோளகமும் எந்த நாளில் எழுந்தது, எந்த நாளில் அடங்கியது, ஐப்பசியில் எத்தனை நாள் காற்று அசையாதிருந்தது என்பது தாளில் ஏறத் தொடங்கிவிடும்.